அக்காவின் அழும் வேலை

1

இந்தக் கதை நான் தேடிப் போனதல்ல. அக்கா மகள் ஒரு மத்தியானம் போன் செய்து, "மாமா, நான் செத்துட்டேன்னு அம்மாகிட்ட சொல்றத இப்பதான் கேட்டுட்டு வரேன்" என்றாள். அதிலிருந்து வந்தது.

"எங்க இருக்கே?" என்றேன்.

"பஸ் ஸ்டாப்புல."

"அடி கிடி பட்டிருக்கா?"

"இல்ல மாமா, நான் நல்லாத்தான் இருக்கேன். அம்மாதான்..." என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

கதை எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு முதல் வரி சும்மா கிடைத்தால் கை அரிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த நேரத்தில் அவள் அழுகைதான் காதில் இருந்தது. அரிப்பு மறுநாள்தான் வந்தது. உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

[முதல் தொடக்கம்: "புகைப்படம் என்பது காலத்தை நிறுத்தி வைக்கும் ஒரு" — வேண்டாம். யார் வீட்டு அலமாரியிலோ தூசி படிந்து கிடந்த வாக்கியம் மாதிரி இருக்கிறது.]

[இரண்டாவது: "என் அக்கா பொய் சொல்லத் தெரியாதவள் என்று நான்" — இதுவும் வேண்டாம். அதைக் கடைசிவரை நிரூபிக்க வேண்டியிருக்கும்.]

[மூன்றாவது: "குருவிக்கு ஒரு கரு கிடைக்கவில்லை." இது போதும்.]

2

குருவிக்கு ஒரு கரு கிடைக்கவில்லை. ஓரிடத்தில் உட்காரமாட்டாள் என்பதால் அக்கா மகளுக்குச் சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட பெயர். இப்போது புகைப்படக் கல்லூரியில் கடைசி வருடம். நிஜ மனிதர்களைத் தொடர்ந்து கவனித்து ஒரு படத்தொகுப்பு செய்து கொடுக்க வேண்டும். பூட்டிய கடைகளின் ஷட்டர்கள் என்று ஒரு யோசனை கொண்டுபோனாள். பஸ்ஸில் தூங்குகிறவர்கள் என்று இன்னொன்று. ஆசிரியை பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கு. போன வருஷமும் நல்லாயிருந்துச்சு" என்றாராம்.

அப்போதுதான் யாரோ சொன்னார்கள், மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் பழகுவதற்கென்று ரப்பர் நோயாளிகள் இருக்கின்றன, மூச்சு விடும், இருமும், ரத்தம்கூட வரும் என்று. குருவி துள்ளிக் குதித்தாள். அனுமதி கேட்டு வாங்கினாள். அந்தக் கல்லூரியில்தான் அவள் அம்மாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, வேலை. "ஆபீஸ் வேலை" என்று அக்கா சொல்லியிருந்தாள். நாங்கள் யாரும் அதற்குமேல் கேட்டதில்லை. படமெல்லாம் எடுத்து முடித்துவிட்டு, அம்மாவின் சீட்டுக்குப் போய்ப் பின்னாலிருந்து கண்ணைப் பொத்தலாம் என்பது குருவியின் திட்டம்.

(அக்காவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் வீட்டில் சாவு என்ற சொல்லுக்கு இடமில்லை. "பசியில செத்துட்டேம்மா" என்று குருவி சொன்னால்கூடப் போதும், "வாயக் கழுவிட்டு வா, அப்புறம் சோறு போடறேன்" என்பாள். விளையாட்டுக்கு இல்லை. உண்மையிலேயே கழுவிவிட்டு வர வேண்டும்.)

3

ரப்பர் நோயாளிகள் ஏமாற்றிவிட்டார்கள். எந்தக் கோணத்தில் எடுத்தாலும் பொம்மை பொம்மையாகவே இருந்தது. குருவியின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து, அங்கே கருவிகளைக் கவனித்துக்கொள்ளும் ஆபரேட்டர் இரக்கப்பட்டார்.

"பக்கத்து ரூம்ல உசுரோட இருக்கறவங்களும் இருக்காங்கம்மா. நோயாளி மாதிரி, நோயாளியோட சொந்தக்காரங்க மாதிரி நடிப்பாங்க. கெட்ட சேதிய எப்படிச் சொல்றதுன்னு பயிற்சி டாக்டருங்க அவங்ககிட்டதான் பழகுவாங்க. வேணும்னா எடுத்துக்கோ. மூஞ்சி மட்டும் படத்துல விழக்கூடாது."

அவர் கூட்டிப்போனது ஒரு குறுகலான இருட்டு அறை. சுவரில் ஜன்னல் அளவுக்குக் கண்ணாடி. இங்கிருந்து பார்த்தால் அடுத்த அறை தெரியும். அங்கிருந்து பார்ப்பவர்களுக்கு அவர்கள் முகம்தான் தெரியும். பேசுவதைக் கேட்க மேலே ஒரு ஸ்பீக்கர். அடுத்த அறையில் இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு டிஷ்யூ பெட்டி. ஒரு நாற்காலியில் ஒரு பெண் குனிந்து உட்கார்ந்திருந்தாள். முகம் விழக்கூடாதே என்று குருவி கைகளுக்கு ஃபோகஸ் வைத்தாள். மணிக்கட்டில் கறுப்பு நிறத்தில் ஒரு தலைமுடி பேண்டு. அன்று காலையில் குருவி வீடெல்லாம் தேடி, கிடைக்காமல், கத்திவிட்டு வந்த பேண்டு.

லென்ஸை மேலே ஏற்றினாள். அம்மா.

ஒரு இளம் டாக்டர் உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தான். "உங்க பொண்ணு காலேஜ்லேருந்து வர்ற வழியில ஒரு வண்டி மோதியிருக்கும்மா. இங்க கொண்டு வந்தாங்க. எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம்." கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "உங்க மகள் இறந்துட்டாங்க."

அக்கா கத்தவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "மத்தியானம் சாப்பிட்டாளா?"

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. "அது... தெரியலம்மா."

"டப்பாவத் தொறந்து பாத்தீங்களா? மிச்சம் வச்சிருந்தாளா?"

அதற்குப் பிறகுதான் அழுதாள். "அம்மாகிட்டருந்து அப்படி ஒரு சத்தம் வரும்னு எனக்குத் தெரியாது மாமா" என்றாள் குருவி. "மாடு கத்தற மாதிரி."

பயிற்சி நேரம் முடிந்து மணி அடித்தது. அழுகை நின்றது. குழாயை மூடினால் நிற்பதுபோல. அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள், கலைந்த முடியைச் சரிசெய்தாள், சாதாரணக் குரலில் சொன்னாள்: "நல்லாத்தான் சொன்னீங்க தம்பி. ஆனா சொல்லும்போது கதவப் பாத்தீங்க. ஓடிப் போயிருவீங்களோன்னு தோணிடுச்சு." அவன் சிரித்து, தலையாட்டிவிட்டுப் போனான். அடுத்து ஒரு பெண் டாக்டர் வந்தாள். "உங்க மகள்..." என்று மறுபடியும் ஆரம்பமாயிற்று.

அன்று காலை குருவி எத்தனை தடவை இறந்தாள் என்று அவளுக்கே கணக்கில்லை. ஆனால் ஒன்று சொன்னாள். அதைச் சொல்லத்தான் பஸ் ஸ்டாப்பிலிருந்து போன் செய்தாள் என்று நினைக்கிறேன்.

"மொதல் தடவையிலேருந்து நான் எடுத்துக்கிட்டே இருந்தேன் மாமா. விரல் தானா அமுக்குது. நான் செத்துட்டேன்னு சொல்றாங்க, அம்மா அப்படி அழுவுது, நான் வெளிச்சம் பத்தலன்னு கேமராவுல ஐ.எஸ்.ஓ. ஏத்துறேன். நான் என்ன மாதிரி ஆளு?"

"மொதல்ல வீட்டுக்குப் போ" என்றேன்.*

* மறுநாள் கை அரித்தது என்று முதல் பகுதியிலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன். மருமகளுக்கு வேறு என்ன பதில் சொல்ல?

4

ஆசிரியை படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாராம்.

"இவங்க யாரு?"

"அம்மா."

"யாரு செத்தது?"

"நான்."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார். பிறகு, "இதுதான் உன் கரு. ஆனா மூஞ்சி தெரியுது. அம்மா சம்மதிக்கணும். இல்லேன்னா நான் இதப் பாக்கவே இல்லேன்னு வச்சுக்கோ" என்றார்.

அம்மாவிடம் பேசத் துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். தாய்மாமன் என்று ஒருவன் இருந்தால் இதற்கெல்லாம்தான்.

5

ஞாயிற்றுக்கிழமை. அக்கா சாப்பாட்டு மேஜையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். குருவி முதலில் பொம்மைப் படங்களை வைத்தாள். "அட, நம்ம காலேஜு" என்றாள் அக்கா சந்தோஷமாக. பிறகு அந்தப் படத்தை வைத்தாள்.

கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளைச் சமாதானப்படுத்த என்னென்ன சொல்லலாம் என்று மனதுக்குள் தயாராகவும் இருந்தேன். அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

"இத யாரு எடுத்தா?"

"நான்தாம்மா."

"நீ அங்க இருந்தியா?"

"கண்ணாடிக்குப் பின்னாடி."

"எல்லாத்தையும் கேட்டியா?"

"கேட்டேன்."

அக்கா உட்கார்ந்தாள். எங்களிடம் இல்லை, படத்திடம் பேசினாள். "நான் நடிக்கிறேன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். பழகிடுச்சு, நல்லா வருதுன்னு. இந்த மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலையே."

குருவி கேட்டாள்: "அழும்போது யாரம்மா நெனச்சுக்குவ?"

"வேற யார நெனைக்கிறது?"

"அப்ப தெனமும் என்னக் கொன்னுட்டு வந்துதான் சாப்டியா சாப்டியான்னு கேட்டியா?"

அக்கா படத்தைக் கவிழ்த்து வைத்தாள். "வந்து பாத்தா நீ இருப்பியேடி" என்றாள். "கதவத் தொறந்தா உன் செருப்பு குறுக்க கெடக்கும். அதப் பாக்கும்போது எனக்கு..." அதற்குமேல் வரவில்லை.

(மிச்சத்தை நான் எழுதி முடிக்கப் பார்த்தேன். "அதைப் பார்க்கும்போது எனக்கு உயிர் வரும்" என்று ஒரு வரி. அக்கா அப்படியெல்லாம் பேசமாட்டாள். விட்டுவிட்டேன்.)

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். "என்ன வேலைன்னு கேட்டா அழற வேலைன்னு சொல்லவா? எங்க, அழுது காட்டுன்னு நீயே மொதல்ல கேட்டிருப்ப." கேட்டிருப்பேன். அத்தானுக்கு மட்டும் தெரியுமாம். அவர் ஒருநாளும் விவரம் கேட்டதில்லை, சாயந்திரம் வந்ததும் தலைவலிக்கிறதா என்று மட்டும் கேட்பாராம்.

சம்மதம் பற்றி அன்று யாரும் பேசவில்லை. பீன்ஸ் பாதியில் கிடந்தது.

6

திங்கட்கிழமை அக்கா வழக்கம்போல வேலைக்குப் போனாள். போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். புதிதாக ஒரு பையன். கெட்டிக்காரன் என்று அக்காவே சொன்னாள். கதவைப் பார்க்காமல், அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னான்: "உங்க மகள் இறந்துட்டாங்க."

"இல்ல தம்பி" என்றாள் அக்கா. "அவ வீட்டுல தூங்கிட்டிருக்கா."

நடிப்பில் ஒரு பகுதி என்று அவன் நினைத்துக்கொண்டான். பெற்றவர்கள் முதலில் நம்பமாட்டார்கள் என்று அவர்களுக்குப் பாடமே உண்டு. நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் வந்தான். "நம்ப முடியாதுதாம்மா. ஆனா அவங்க இப்ப இல்ல."

"நெசமாத்தான் தம்பி சொல்றேன். காலையில நான்தான் போர்வையப் போத்திட்டு வந்தேன்."

"புரியுதும்மா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க வேணும்னா ஒரு தடவ அவங்களப் பாக்கலாம்."

அக்கா கையை உதறிக்கொண்டு எழுந்து, மணி அடிப்பதற்கு முன்பே வெளியே வந்துவிட்டாள். அங்கிருந்தே எனக்குப் போன் செய்தாள். அவள் வேலை நேரத்தில் போன் செய்கிறவளே அல்ல.

"உண்மையச் சொல்லச் சொல்ல அவன் நம்பமாட்டேங்கறான்டா. நான் சொல்லச் சொல்ல, அவ செத்துக்கிட்டே போறா. ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நீ போய் அவ இருக்காளான்னு பாத்துட்டு வா."

நான் போனேன். குருவி கதவைத் திறந்து கொட்டாவி விட்டாள். நான் வாசலிலேயே நின்று அழுதேன். இதில் ஒரு சொல்லும் கற்பனை இல்லை.

7

இனிமேல் இருப்பது கதை எழுதியவனுடைய பிரச்சினை. கதைக்கு ஒரு முடிவு வேண்டும்.

(அ) அக்கா சம்மதிக்கிறாள், படம் கண்காட்சியில் பரிசு வாங்குகிறது, அம்மாவும் மகளும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். பரிசு வந்ததும் கதை செத்துவிடும்.

(ஆ) குருவி படங்களை அழித்துவிடுகிறாள். நல்ல பெண். ஆனால் நம்புவீர்களா?

(இ) [அன்று சாயந்திரம் கல்லூரியிலிருந்து திரும்பும் வழியில், குருவி சாலையைக் கடக்கும்போது ஒரு]

மூன்றாவதை அந்த இடத்தில் நிறுத்தியது நான் அல்ல. ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன். எழுதும்போது நன்றாக வருகிறது என்றுகூட நினைத்தேன். பிரதியை அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன், அவள் சம்பந்தப்பட்ட கதை என்பதால். அந்தப் பக்கத்தைப் படித்ததும் தாளை மேஜையில் வைத்தாள். பிறகு, "நீயுமாடா?" என்றாள்.

"கதைக்குத்தானே அக்கா."

"நானும் வேலைக்குத்தானே போனேன்."

மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து அவளே அடித்தாள். கோடு கோடாக இல்லை, தாள் கிழிகிற அளவுக்கு. 'ஒரு' என்ற சொல்லோடு தப்பித்தது இவ்வளவுதான். அவள் அடித்ததற்கு அடையாளமாக அதை அப்படியே விட்டிருக்கிறேன். அன்று அவள் என்னைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை. எங்கள் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

8

கல்லூரியில் அக்காவுக்கு இப்போது வேறு வேஷம். முட்டிவலிக்காரி. "எங்க வலிக்குதுன்னு கேக்கறாங்க, இங்கன்னு காட்டறேன், அவ்வளவுதான்" என்றாள். சலிப்பா நிம்மதியா என்று குரலிலிருந்து தெரியவில்லை.

நேற்று குருவியைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாளாம். "அங்க இன்னொரு வேஷம் காலியா இருக்கு. அம்மா போன சேதிய மகள்கிட்ட சொல்ற மாதிரி. வயசுப் பொண்ணா ஆள் தேடறாங்க. நீ ஒருநாள் போய் அந்த நாற்காலியில உக்காரு. யாரோ ஒருத்தரு வந்து உன் கண்ணப் பாத்து அதச் சொல்லட்டும். எழுந்து வந்து, அந்தப் படத்தக் குடுக்கலாமா வேண்டாமான்னு நீயே சொல்லு. நீ என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம்."

"நீ கண்ணாடிக்குப் பின்னாடி இருப்பியாம்மா?"

"மாட்டேன். எனக்கு முட்டிவலி இருக்கு."

நாளைக் காலை குருவி போகிறாள். இந்தக் கதையை இன்றைக்கே பத்திரிகைக்குக் கொடுத்தாக வேண்டும். ஒருநாள் தள்ளிக் கேட்டிருக்கலாம், பத்திரிகைக்காரர் கொடுத்திருப்பார். நான்தான் கேட்கவில்லை. நாளைக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால், அதையும் எழுதத்தான் தோன்றும்.

கொஞ்சம் முன்னால் குருவி போன் செய்தாள். குரல் சின்னப் பிள்ளையுடையது மாதிரி இருந்தது.

"நாளைக்கு என்ன மாமா சொல்லுவாங்க? அம்மாகிட்ட சொன்ன அதே வரிதானா?"

"அதே வரிதான். ஒரு சொல் மட்டும் மாறும்."

"எங்க, சொல்லிக் காட்டுங்க. பழகிக்கறேன்."

அந்த வரியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டு எழுதியாவது பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். என் அக்காவைப் பற்றிய வரி அது. கை ஓடவில்லை. உங்களுக்கு அவள் யாரோதானே, நீங்கள் சொல்லிப் பாருங்கள். மூன்றே சொல், நடுவில் இருப்பதை மட்டும் மாற்றினால் போதும். சத்தமாக, எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து.

உங்க