நாற்பது இறாத்தல் வில்

எங்கள் மொன்றியல் கோவில் வேட்டைத் திருவிழாவில் பன்னிரண்டு வருடமாக நான்தான் மிருகம். ஊரில் சுவாமி மானை வேட்டையாடுவார். இது கனடா என்பதால் மூஸ் என்ற மாட்டளவு மான். யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றபோது வாங்கிய கொம்பைத் தலையில் கட்டி, பழுப்புக் கம்பளியைப் போர்த்துக்கொண்டு கோவில் வாகனத் தரிப்பிடத்தில் நாலுகால் பாய்ச்சலில் ஓடுவேன். குதிரை வாகனத்தில் சுவாமி வருவார். அவருக்காக, அன்றைய திருவிழாச் செலவை ஏற்ற உபயகாரர் மூங்கில் வில்லில் பூ அம்பு விடுவார். நான் செத்து விழுவேன். ஒருமுறை நான் விழுந்த அழகைப் பார்த்து எதிர்வீட்டு அல்போன்சம்மா அம்புலன்ஸுக்கே அடித்துவிட்டார்.

2006இல் உபயம் நகுலேஸ்வரனுடையது. டோர்வல் விமான நிலையத்தில் இருபது வருடம் பெட்டி தூக்கியவர். தோள் இரண்டும் பனங்குற்றி. இந்த ஒரு அம்புக்காகப் பதினொரு வருடம் முறை பார்த்திருந்தவர். 304 சீட்டாட்டத்தில் என்னை ஒருநாளும் வெல்லாதவரும் அவரே.

கெடுத்தது செயலாளர் சிவநேசம். சிவப்பு விளக்கில் தெருவே வெறிச்சோடிக் கிடந்தாலும் பச்சை வரும்வரை நிற்கும் மனிதர். வேட்டை விதிப் புத்தகம் ஒன்றை எங்கிருந்தோ எடுத்துவந்து கூட்டத்தில் வாசித்தார். பெரிய மிருகம் என்றால் வில்லின் இழுவிசை குறைந்தது நாற்பது இறாத்தல், அதாவது பதினெட்டுக் கிலோ. அம்பு முனை இருபத்திரண்டு மில்லிமீற்றர்.

எங்கள் வில்லை மீன் தராசில் கொளுவி இழுத்தார்கள். ஒன்றரை இறாத்தல்.

"அப்ப சுவாமி இவ்வளவு காலமும் கள்ள வேட்டையோ ஆடினவர்?" சிவநேசம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

புரோசார்ட் கடையிலிருந்து கப்பி பூட்டிய புது வில் வந்தது. அம்பு முனையில் மூன்று சவர அலகு. கோவில் ஐயர் இழுத்தார், இடுப்புப் பிடித்தது. நகுலேஸ்வரன் காதுவரை இழுத்து என் பக்கம் திருப்பினார்.

"நகுலேசு, இஞ்சாலை நிக்கிறது நான்."

"ஓம், தெரியும். சட்டம் அண்ணை, நான் என்ன செய்யிறது?"

"பழைய பூ அம்பை விடன்!"

"பயப்பிடாதேங்கோ," என்றார் சிவநேசம். "கூராய் இருந்தால் மிருகத்துக்கு நோவு குறைவாம்."

திருவிழாவன்று கம்பளிக்குள் தோசைக்கல்லைக் கட்டிக்கொண்டு போனேன். அங்கே செலீன் என்ற வேட்டை அதிகாரி நின்றார். எல்லாம் சரியென்று எழுதிக் கொடுக்க சிவநேசமே அழைத்திருந்தார். செலீன் வில்லைத் தராசில் நிறுத்தார், முனையை அளந்தார், தலையாட்டினார். சிவநேசத்துக்குத் தேர் இழுத்த சந்தோசம்.

"மிருகம் எங்கே?" என்று பிரெஞ்சில் கேட்டார் செலீன்.

எல்லா விரலும் என்னைக் காட்டின. நான் நடுங்கியதில் தோசைக்கல் கிணுகிணுத்தது.

மூக்குக்கண்ணாடி போட்ட மூஸை அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் புரட்டினார். இது ஆகஸ்ட், பருவம் தொடங்கவில்லை. வாகனத்தில் இருந்தபடி எய்யவும் கூடாது. குதிரை வாகனமும் வாகனம்தான். வேட்டை கிடையாது.

எனக்கு உயிர் திரும்பியது. நகுலேஸ்வரனுக்குப் போய்விட்டது.

"பதினொரு வருசம் அண்ணை," என்றார். பனங்குற்றிகள் இரண்டும் குலுங்கின.

பார்க்கப் பொறுக்கவில்லை. கொம்போடு ஓடிப்போய்ப் பழைய மூங்கில் வில்லை எடுத்துவந்து செலீனிடம் நீட்டினேன். தன்னை எய்ய வில் கொண்டுவந்த முதல் மூஸ், உலகத்திலேயே நான்தான்.

செலீன் நிறுத்தார். ஒன்றரை. அம்பு முனை? செவ்வந்திப் பூ. கண்ணீர் வரச் சிரித்தார். "இதை வேட்டை ஆயுதம் என்று என் புத்தகம் ஒத்துக்கொள்ளாது. அப்படியென்றால் இது வேட்டையும் இல்லை. விடுங்கள்!"

"செல்லாத வில்லெண்டபடியால்தான் சட்டப்படி சரியோ?" சிவநேசம் தண்ணீர் கேட்டுக் கதிரையில் சாய்ந்தார்.

மேளம் அடித்தது. நகுலேஸ்வரன் விட்ட செவ்வந்தி என் மூக்கில் பட்டது. அன்று செத்ததுபோல் நான் என்றும் செத்ததில்லை. மூன்று சுற்று, நாலு அலறல். தோசைக்கல் விழுந்த சத்தத்துக்குத் துறைமுகத்தில் கப்பல்கள் பதில் ஊதின.

நகுலேஸ்வரன் குனிந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லாய்ச் செத்தியள், அண்ணை. எழும்புங்கோ, 304க்கு ஒரு ஆள் குறையுது."