உள்சக்கரம் தூக்கிய உயரம்

முப்பத்தோரு வருஷம் அரசு பஸ் ஓட்டியவன் நான். ஓய்வு பெற்ற நாளிலிருந்து பத்து நிமிஷம் ஓரிடத்தில் உட்கார்ந்தால் அந்த இடத்தில் முள் முளைத்துவிடுகிறது. அதனால்தான் பக்கத்து வீட்டு ஜாய் தன் ரேஸ் காரோடு ஆய்க்குடிப் பக்கம், மூடிக்கிடந்த அரிசி ஆலையின் சிமெண்ட் களத்துக்குப் போனபோது, கூப்பிடாமலே நானும் போய் நின்றேன்.

கார் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒற்றை ஆள், மோட்டார் சைக்கிள் இன்ஜின். குற்றாலத்துக் குரங்கு ஒன்று ஏறினால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும், அவ்வளவு லேசு. நாலு சக்கரத்துக்கும் நாலு ஷாக் அப்சார்பர், ஒவ்வொன்றிலும் ஒரு திருகு. திருப்பினால் டிக் டிக் என்று சொடுக்கும். இறுக்கினால் அமுங்கின ஸ்பிரிங் மெதுவாக நிமிரும், தளர்த்தினால் சட்டென்று நிமிரும். திருப்புகிறவர் மெக்கானிக் நாசர்.

சனிக்கிழமை கோயம்புத்தூரில் தேர்வு ஓட்டம். ரேஸ் டீமில் காலி ஒரே இடம். போன தடவை அரை வினாடியில் அதைத் தவறவிட்டவள் ஜாய். இந்தத் தடவையும் அது கைநழுவினால் காரை விற்றுவிடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தாள். காரை ஏற்ற லாரி நாலு மணிக்கு வரும். மணி இரண்டாகியிருந்தது.

வளைவில் உள்பக்கத்துப் பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்கக் கூடாதாம்; தூக்கினால் திருகைத் தளர்த்த வேண்டுமாம், அளவுக்கு மீறித் தளர்த்தினால் கார் ஆடுமாம். படம் பிடிக்க வைத்த செல்போனில் சாரல் விழுந்து எல்லாம் புகையாகத் தெரிந்தது. யாராவது கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் கையைத் தூக்கிவிட்டேன்.

முதல் சுற்றில் சக்கரம் இரண்டு விரல் தூக்கியது. இரண்டு விரல் என்று ஒரு மனுஷன் எப்படிச் சொல்வது? ஒரு சாண் என்றேன். நாசர் மூன்று சொடுக்குத் தளர்த்தினார். அடுத்து ஒரு விரல்; அரைச் சாண் என்றேன். இன்னும் இரண்டு சொடுக்கு. மூன்றாவது சுற்றில் சக்கரம் தரையோடு ஒட்டிக்கொண்டே போனது. ஒன்றுமில்லை என்று சொல்லவா சாரலில் நனைந்துகொண்டு நிற்கிறேன்? லேசாகத் தூக்குகிறது என்றேன். மேலும் இரண்டு.

நாலாவது சுற்றில் கார் தொட்டில்போல ஆடியது. வளைவுக்கு அடையாளமாக வைத்த பெயிண்ட் டப்பாக்களை அள்ளிக்கொண்டு மதிலுக்கு ஒரு முழம் முன்னால்தான் நின்றது. அது நிஜமாகவே ஒரு முழம்.

ஜாய் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"எனக்குத்தான் ஓட்ட வரலையோ, மாமா. லாரிய வர வேண்டாம்னு சொல்லிருவோமா?"

என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. காரை மூன்று தடவை சுற்றி வந்தேன். நாலாவது தடவை அவள் முன்னால் கால் நின்றுவிட்டது.

"சக்கரம் அவ்வளவு தூக்கலட்டி. மொதல்ல ரெண்டு விரல், பெறவு ஒரு விரல். அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல."

நாசர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"நீங்க சொல்லுததுல பாதியக் கழிச்சிட்டுத்தான் அண்ணாச்சி நானே நம்புனேன். அப்படியும் பத்தாம போச்சே."

ஜாய் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாசரின் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"நிக்குத தீப்பெட்டி உயரமா, படுத்த தீப்பெட்டி உயரமா, அத மட்டும் சொல்லுங்க."

நாசர் மூன்று சொடுக்கு இறுக்கினார். வளைவுக்கு உள்ளே, ஈர சிமெண்டில் குப்புறப் படுத்தேன். பனியனுக்குள் ஐந்தருவி இறங்கியது. கார் என் மூக்கருகே சீறிப் போனது.

"படுத்த தீப்பெட்டி" என்றேன். கூட ஒன்றும் சேர்க்காமல் வாயை மூடுவதற்குள் தாடை வலித்துவிட்டது.

நாசர் ஒரே ஒரு சொடுக்குத் தளர்த்தினார். மறுபடி படுத்தேன்.

"தொட்டுக்கிட்டே போவுது."

ஜாய் ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டு மறுபடி கிளம்பினாள். கார் ஆடவில்லை, கோடு போட்டதுபோல வளைந்து, வளைந்து, ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடிக்கொண்டே போனது. ஐந்தாவது சுற்றில் லாரி வந்து வாசலில் ஆரன் அடித்தது. நாசர் ஜாய்க்குக் கையைக் காட்டி நிற்கச் சொன்னார். அவள் ஆறாவது சுற்றுக்குள் போய்விட்டிருந்தாள்.