பூட்டிய அட்டவணை

வல்லிக்கா சங்கரா மீனின் செவுளைத் தூக்கிக் காட்டினார். வாங்க வந்த பெண்மணி அதைப் பார்க்கவில்லை. கைப்பேசியை நீட்டினார்.

"அடையாறு மீன்ல காரீயமாம். விஷம்னு போட்டிருக்கு."

"இது கடல் மீனும்மா. இப்பத்தான் வலையிலருந்து எடுத்தது."

"எனக்கென்ன தெரியும்? விஞ்ஞானிங்க எழுதியிருக்காங்க."

அவர் போய்விட்டார். நான் படகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எழுதியவள் நான்தான்.

"இன்னா ஜுவேரியா, இன்னும் டாக்டர் ஆவலியா நீ?" ஊரூர் குப்பத்தில் என்னைக் கண்டதும் வல்லிக்கா கேட்கிற கேள்வி அது. வழக்கமாகச் சிரித்துக்கொண்டு கேட்பார். "ஆராய்ச்சிக்குன்னு வந்து கேட்ட. வேணுங்கற மீனெல்லாம் குட்த்தோம். அதுல இன்னா கீதுன்னு எங்களுக்குக் காட்டல. ஊருக்கெல்லாம் விஷம்னு சொல்லிக்கினு கீறீங்க."

"கடல் மீன்ல ஒண்ணும் இல்லக்கா. ஆறு கடல்ல சேர்ற இடத்துல எடுத்த மட்டிச் சிப்பியிலயும் கெளுத்தி மீன்லயும்தான் காரீயம். கட்டுரைக்குள்ள அட்டவணையில தனித்தனியாப் போட்டிருக்கோம்."

"அப்ப அத்தக் காட்டு."

காட்ட முடியவில்லை. ஆய்வகத்துக் கணினியில் திறக்கும் கட்டுரை, மணலில் நின்றால் திறப்பதில்லை. சுருக்கம் மட்டும் வந்தது. மீதியைப் படிக்கக் கட்டணம் என்றது அந்த ஆய்விதழ், எழுதியவளிடமே. சுருக்கத்தில் 'முகத்துவாரத்தில்' என்று நான் எழுதிய வார்த்தையை, இடம் போதவில்லை என்று பரத்வாஜ் சார் வெட்டியிருந்தார். அவர் என் ஆய்வு வழிகாட்டி. ஆக, இலவசமாகக் கிடைத்தது பயம் மட்டும். பயத்துக்கான பதில் பூட்டுக்குள் இருந்தது.

"மத்தவங்க கேட்டா குடுப்பீங்களா?"

"நியாயமாக் கேட்டா தரவைக் குடுப்போம்னு கட்டுரை கடைசியில ஒரு வரி இருக்கு."

"அப்ப நான் கேக்கறேன். குடு."

செதில் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துவிட்டு நீட்டினார். நீட்டிய கையை இறக்கவில்லை.

மதியம், அடையாறு பகுதியில் இருக்கும் எங்கள் ஆய்வகத்துக்குப் போனேன். சார் பிளாஸ்கிலிருந்து காப்பியை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"முழுத் தரவையும் பொதுவில போட்டுடலாம் சார்."

டம்ளரை நிறைத்துவிட்டுப் பிளாஸ்கை மூடினார்.

"அதுல இன்னும் ரெண்டு பேப்பர் இருக்கும்மா. வேற யாராவது எடுத்துண்டு முந்திண்டா?"

"குப்பத்துல யாரும் மீன் வாங்க மாட்டேங்கறாங்க."

"நாம தப்பா ஒண்ணும் எழுதலையே. தப்பாப் படிக்கறவாளுக்கு நாம என்ன பண்றது?"

"சரியாப் படிக்க வேண்டிய பக்கத்தை மூடி வெச்சிருக்கோம் சார்."

"கேட்டாக் குடுப்போம்னு போட்டிருக்கே. யாராவது கேட்டாளா?"

"கேட்டாங்க."

"எந்த இன்ஸ்டிட்யூட்?"

"சுந்தரவல்லி. ஊரூர் குப்பத்துல மீன் விக்கறாங்க."

சிரித்தார். கேலி இல்லை, நல்ல ஜோக்கைக் கேட்டவர் சிரிக்கிற மாதிரி. "அதெல்லாம் கோரிக்கைல சேத்தியில்லம்மா. உன் தீசிஸ்ல நான் இன்னும் கையெழுத்துப் போடலை. அதை முதல்ல பாரு."

திருவல்லிக்கேணி வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அந்தச் சிரிப்பும் கூடவே வந்தது. சேத்தியில்லை. இதை யார் முடிவு செய்கிறார்கள்? கட்டுரையின் கடைசி வரியை மனதுக்குள் மறுபடி படித்தேன். 'நியாயமான கோரிக்கையின் பேரில் தரவு தொடர்பு ஆசிரியரால் வழங்கப்படும்.' சாருக்கு மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவது பிடிக்காது. முன்பின் தெரியாதவர்கள் தொந்தரவு செய்யக்கூடாது என்று, மாணவர்கள் எழுதும் எல்லாக் கட்டுரைகளிலும் தொடர்பு ஆசிரியர் என்ற இடத்தில் மாணவர் பெயரையே போட்டுவிடுவார். இந்தக் கட்டுரையில் அந்த இடத்தில் இருப்பது என் பெயர்.

கேட்டது என்னிடம். நியாயமா என்று பார்க்க வேண்டியவள் நான். இதைவிட நியாயமாக ஒருவர் எப்படிக் கேட்க முடியும் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

மறுநாள் காலை சார் வரும்வரை காத்திருந்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் செய்ய மனம் வரவில்லை. எந்த மீன், எந்த இடம், எவ்வளவு காரீயம் என்று எல்லாவற்றையும், யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு பொதுத் தளத்தில் ஏற்றி வைத்திருந்தேன். முதல் பக்கம் தமிழில். வெளியிடும் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை.

"சார், தொடர்பு ஆசிரியர் நான்தான். கேட்டவங்களுக்குக் குடுக்கறேன்."

திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கையெழுத்துக் கிடைக்காது, ஜுவேரியா."

"தெரியும் சார்."

அழுத்தினேன்.

முதல் பக்கத்தைப் பெரிதாக அச்சடித்துக் குப்பத்துக்கு எடுத்துப் போனேன். வல்லிக்கா அதை வெயிலுக்கு நட்டிருந்த குடையின் கம்பியில் வலைக்கயிற்றால் கட்டினார். மேல் பாதியில் கடல் மீன்கள், கீழ்ப் பாதியில் முகத்துவாரத்து மட்டியும் கெளுத்தியும். கீழ்ப் பாதியில் அவர் கண் நின்றது.

"மட்டி விக்கறது என் தங்கச்சி."

அது எனக்கு இதுவரை தெரியாது. "அந்தப் பாதிய மடிச்சு வெக்கணுமாக்கா?"

அவர் தாளின் கீழ் ஓரத்தைப் பிடித்தார். பிறகு விட்டுவிட்டார்.

"மடிச்சா, உங்க ஆபீஸுக்கும் எனக்கும் இன்னா வித்தியாசம்? இருக்கட்டும். மட்டி எப்படி இப்படியாச்சுன்னு, ஆத்துல சாக்கடைய வுட்றவன் வந்து பதில் சொல்லட்டும்."

கைப்பேசி ஒலித்தது. பரத்வாஜ் சார்.

"உடனே எடுத்துடு அதை. யார் கேட்டான்னு எழுத்துல ஏதாவது இருக்கா உங்கிட்ட? நாளைக்கு யாராவது விசாரிச்சா என்ன சொல்லுவே?"

"கேட்டவங்க இங்கதான் இருக்காங்க சார். பேசுங்க."

கைப்பேசியை நீட்டினேன். செதில் ஒட்டிய கையாலேயே வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார் வல்லிக்கா.

"நான்தான் சார் கேட்டேன். இன்னா இப்போ?"