முதலாளியின் அக்கா பெண்கள்

பள்ளிக்கூடப் பை தைக்கும் பட்டறை முதலாளிக்குக் கூடப் பிறந்தவர் யாரும் கிடையாது. ஆனால் சோதனைக்கு அதிகாரி வந்துவிட்டால் போதும், பைகளில் நூல் பிசிறு வெட்டும் சிறுமிகள் அத்தனை பேரும் அவருக்கு அக்கா பெண்கள் ஆகிவிடுவார்கள். "யாரு கேட்டாலும் நான் மாமா, புரியுதா?" என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லி வைத்திருந்தார்.

அன்று அதிகாரி வந்தார்.

"அக்கா பொண்ணுங்க சார், லீவுக்கு வந்திருக்குதுங்க," என்று குழைந்தார் முதலாளி.

"பள்ளிக்கூடம் நடக்குற நாள்ல என்னய்யா லீவு? யாரு காதுல பூ சுத்துற?" என்று எரிந்து விழுந்த அதிகாரி, ஓரத்தில் இருந்த ஒல்லிச் சிறுமியிடம் திரும்பினார். "இவரு உனக்கு யாரும்மா?"

"மாமா."

"பொய் சொல்லாத. எப்படி மாமா?"

சிறுமி கத்தரியைக் கீழே வைத்தாள். "போன வருஷம் உங்க வீட்ல பாத்திரம் தேய்ச்சேனே, அப்போ வர்றவங்க கிட்டயெல்லாம் உங்களை மாமான்னு சொல்லச் சொன்னீங்களே, அதே மாதிரிதான் சார்."

அதிகாரி சட்டென்று வாசல் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். முதலாளிக்கோ போன உயிர் திரும்பி வந்தது. கூடப் பிறந்தவர் இல்லாத குறையும் அந்த நொடியே தீர்ந்துபோனது.

"உட்காருங்கண்ணே," என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "ஏ புள்ள, பெரிய மாமாவுக்கு ஓடிப்போய் ஒரு டீ வாங்கிட்டு வா!"