லைமன் பீச் எழுதிய கடிதங்கள்

லைமன் பீச் மறுபடியும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். இந்த வாரத்தில் இது நான்காவது. கூடாரத்து வாசலில் நின்று பார்த்த லெப்டினன்ட் ஏசா ப்ரூயிட்டுக்கு வாயிலிருந்த காப்பி கசந்தது.

ஏசாவுக்கு வேண்டியது கேப்டன் பதவி. அமெரிக்க உள்நாட்டுப் போரில், டென்னசி ஆற்றங்கரைச் சண்டையில் பழைய கேப்டன் விழுந்ததிலிருந்து, நாலு மாதமாகக் கம்பெனி என்கிற இந்தப் படைப்பிரிவைக் கட்டி மேய்ப்பது அவன்தான். மிஞ்சிய அறுபத்தோரு பேரில் எவனுக்கு முழங்கால் வலி, எவனுக்குப் பீரங்கிச் சத்தத்தில் காது போய்விட்டது என்பதுவரை அவனுக்கு அத்துப்படி. ஆனால் கேப்டனை நியமிக்கிறவர் நூறு காதத்துக்கு அப்பால், ஊரில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மாநில ஆளுநர். அவர் காதில் ஓத மாவட்டத்துக்கு ஒருவர் உண்டு. இந்தக் கம்பெனி ஆட்களின் ஊரான வில்மட் மாவட்டத்துக்குத் தபால் அதிகாரி ஹைரம் பீச். கட்சிக்கு ஓட்டுச் சேர்த்த கூலியாக அவருக்குக் கிடைத்ததுதான் அந்தத் தபாலாபீஸ். அவருடைய தம்பி மகன்தான் இந்த லைமன், கம்பெனியின் சார்ஜண்ட்.

ஏசாவைக் கேப்டனாக்கச் சொல்லிக் கம்பெனி மொத்தமும் கையெழுத்துப் போட்ட மனு ஊருக்குப் போய் ஆறு வாரம் ஆகிறது. பதில் இல்லை. ஏசாவின் அப்பா எதிர்க்கட்சிக்காரர். கட்சி பேசி ஹைரமோடு கைகலந்தவர்.

"யாருக்குடா இவ்வளவு கடிதம்?"

"பெரியப்பாவுக்கு சார்."

"என்ன எழுதுற?"

"வீட்டு விஷயந்தான்." லைமன் தாளைக் குப்புறக் கவிழ்த்தான்.

கேப்டன் பதவிக்கு இவனே அடிபோடுகிறான் என்று சந்தேகப்பட அது போதாதா? சமையல்கார ஜெப் வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினான். "அவன் பெரியப்பா தபால்தலை மட்டுமா ஒட்டுறாரு? ஆளையே தூக்கி மேல ஒட்டுவாரு. நீங்கதான் சார் வெள்ளந்தி."

அன்றிலிருந்து லைமன் சிரித்தால் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகப் பட்டது ஏசாவுக்கு. சிரிக்காவிட்டால் எதையோ மறைப்பதாகப் பட்டது. ஒருநாள் லைமனின் ஆட்களில் ஒருவன் துப்பாக்கியில் துரு. ஏசா அதையே சாக்காக வைத்துக் கர்னலுக்கு எழுதி, லைமனின் சார்ஜண்ட் பதவியைப் பறித்தான். லைமன் தானே கத்தியால் சட்டைக் கையிலிருந்த சார்ஜண்ட் பட்டையின் தையலைப் பிரித்து மேசையில் வைத்தான்.

"வேற ஏதாவது உண்டா சார்?"

"போடா."

மூன்று வாரம் கழித்துப் புதிய கேப்டன் வந்து இறங்கினார். ஜட்ஜ் வீட்டு மாப்பிள்ளை, தெரன் குட்டேல். ஊர்ப் பெண்கள் சேர்ந்து பரிசளித்த வாள் இடுப்பில் மினுமினுத்தது. முதல் அணிவகுப்பிலேயே கம்பெனியைச் சாமான் வண்டிக் கோவேறு கழுதைகளுக்குள் நடத்திக்கொண்டுபோய் விட்டார்.

"வலது பக்கம்னா நமக்கா, அவங்களுக்கா?" என்று ஏசாவின் காதோரம் கேட்டார்.

கேப்டன் வந்த வண்டியிலேயே வந்திருந்த ஒரு கடிதத்தை லைமன் ஏசாவிடம் நீட்டினான். "படிங்க சார். இனிமே மறைக்க என்ன இருக்கு?"

'லைமன், உன் நச்சரிப்பு தாங்காமல் ப்ரூயிட்டுக்காகப் பேச ஆளுநரிடம் கிளம்பினேன். அவன் அப்பன் மேல் இருந்த கோபத்தையும் விழுங்கினேன். ரயிலடியில் நம்மூர்ப் பத்திரிகை வாங்கினேன். உங்கள் முகாமிலிருந்து எவனோ எழுதியது அதில் வந்திருந்தது. ப்ரூயிட் உன் பட்டையைப் பிடுங்கினானாமே. நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆளுநரிடம் ஜட்ஜ் மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன்.'

ஏசா இரண்டு முறை படித்தான். "ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நிறுத்தச் சொல்வீங்க. அந்த ஆள் தயவு வேணாம்னு எத்தனை தடவை கத்தியிருக்கீங்க?" லைமன் தொப்பியைச் சரிசெய்தான். "உங்களுக்காக மட்டும் எழுதல சார். உங்க பின்னால போனா உயிரோட திரும்பலாம்னு எழுதினேன்."

ஏசாவுக்கு வெட்கத்தில் காது மடல் எரிந்தது. தன் பதவி போனது போகட்டும். அறுபத்தோரு பேரை இப்படி ஒருவர் கையில் கொடுத்துவிட்டோமே. நேராகக் கேப்டன் கூடாரத்துக்குப் போனான்.

"பீச்சுக்குப் பட்டையைத் திருப்பிக் குடுக்கணும் சார். தப்பு என்னோடது."

"அது நேத்தே எழுதியாச்சு," என்றார் குட்டேல். "அவன் பெரியப்பாவுக்கு வாக்குக் குடுத்துட்டுத்தானே வந்தேன். நாளைக்குக் காலையில எதிரி இருக்கற மலையடிக்கு முன்னால போற இருபது பேருக்கு, பட்டை இல்லாமலே அவனைத் தலைவனாப் போட்டிருக்கீங்க போல. எடுத்துடுங்க. சாமான் வண்டியோட வரட்டும்."

"அந்த இடத்துல யாரு?"

"யாரையாவது போடுங்க. பின்னால கேக்க ஆளில்லாதவனாப் பாருங்க."

ஏசா அந்த இருபது பேர் பட்டியலை வாங்கினான். லைமன் பெயரை அடித்து, அதற்கு மேல் தன் பெயரை எழுதிக் கொடுத்தான். குட்டேல் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.