தொட்டில் பிள்ளையை எதற்கு எண்ணுகிறார்கள்?

பள்ளிக்கூடம் கட்டுகிறவர்களுக்குத் தொட்டில் பிள்ளையின் வயது எதற்கு என்பதுதான் ராக்காயிக்கு விளங்கவில்லை.

கேட்டவர் லியனார்ட் மாஸ்டர். டவுன் மகா வித்தியாலயத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். வேற்று ஆளும் இல்லை. இதே தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிசனில் கஸ்பர் கங்காணிக்கு மகனாகப் பிறந்து, தொழிலாளர் லயத்துக் காம்பராவில் குப்பி விளக்கில் படித்து, கால்சட்டை போட்டுக்கொண்டு டவுனுக்குப் போனவர்தான். ஆனாலும் வேலை விடுகிற நேரம் பார்த்து, கையில் பேனாவோடு அவர் லயத்து வாசலில் நின்றதைக் கண்டதும் ராக்காயி முதுகில் இருந்த கூடையை இறக்கவும் மறந்து நின்றுவிட்டாள்.

“பெரிய பிள்ளை பூரணி எங்க பள்ளிக்கூடத்துல எட்டாம் வகுப்பு. அது தெரியும்க்கா. சின்னவனுக்கு என்ன வயசு?”

“அவனுக்கு எதுக்கு மாஸ்டர் வயசு? இன்னும் மண்ணை அள்ளித் தின்னுக்கிட்டுத் திரியிறான்.”

“பத்து வருசத் திட்டம்க்கா. பழைய கட்டடத்தை இடிச்சுட்டுப் புதுசு கட்டப் போறாங்க. ஒரேயடியா இல்ல, கொஞ்சம் கொஞ்சமா. இன்னிக்கு மண்ணைத் திங்கிறவன் நாளைக்கு ஆறாம் வகுப்புக்கு வருவான்ல? அவனுக்கும் இடம் போடணும்ல?”

“இருக்குற பிள்ளைக்கே ஒழுகாத இடம் இல்லேன்னு பூரணி சொல்றா. வராத பிள்ளைக்கு இடம் போடுறாங்களாக்கும்!”

மாஸ்டர் சிரித்தார். “மாதா சத்தியமா பள்ளிக்கூடத்துக்குத்தான்க்கா.”

சத்தியம் என்றதும் சந்தேகம் இன்னும் தடித்தது. ராக்காயி அறிந்த மட்டில் தோட்டத்தில் சத்தியம் பண்ணிப் பேசுகிறவர்கள் இரண்டு வகைதான். ஒன்று, கைமாற்றுக் கேட்கிறவன். மற்றது, தொழிற்சங்கத்துக்கு ஆள் சேர்க்கிறவன். “அவன் வயசு எனக்கு ஞாபகம் இல்ல மாஸ்டர்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. ஒப்பந்தம் போட்டு நாலைந்து மாதம் ஆகியிருந்தது. இலங்கையும் இந்தியாவும் உட்கார்ந்து பேசி, தோட்டத்து ஆட்களில் இத்தனை லட்சம் பேரைக் கப்பலில் அக்கரைக்கு அனுப்புவது, இத்தனை லட்சம் பேரை இங்கேயே வைத்துக்கொள்வது என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த இத்தனையில் யார், இந்த இத்தனையில் யார் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. லயத்துக்கு வந்து யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. ஆகவே, எழுதுகிற ஆள் யார் வந்தாலும் கதவைச் சாத்தினார்கள். அம்மைப்பால் குத்த வந்தவன் கதவுகளில் சுண்ணாம்புக் கட்டியால் இலக்கம் போட்டுவிட்டுப் போனதற்கே, மறுநாள் விடிவதற்குள் அத்தனை கதவையும் சாணி கொண்டு மெழுகிவிட்டார்கள்.

மாலையில் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கப் போனபோது செல்லசாமி அங்கே முகம் கழுவிக்கொண்டிருந்தான். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற வேலை அவனுக்கு. வாய்க்கு மட்டும் ஓய்வு கிடையாது.

“என்ன மதினி, மூட்டை கட்டியாச்சா?”

“எதுக்கு?”

“பேர் குடுத்தீங்களாமே. கப்பல்ல சின்னப் பிள்ளைக்கு அரை டிக்கட்டாம். அதுக்குத்தான் வயசு கேக்குறாங்க.”

“நான் ஒண்ணும் குடுக்கல. ஞாபகம் இல்லேன்னுட்டேன்.”

“நல்ல பொய்யி! பெத்தவளுக்கே ஞாபகம் இல்லையாம்.”

குடத்தோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். செல்லசாமி துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டுக் குரலை இறக்கினான்.

“விளையாட்டுக்குச் சொல்லல. பெரிய பள்ளிக்கூடம் கட்டுறவன் ஆறாம் வகுப்புப் பிள்ளையை எண்ணட்டும், ஏழாம் வகுப்புப் பிள்ளையை எண்ணட்டும். பிள்ளைக்காம்பராவுல பால் குடிக்கிறதை எதுக்கு எண்ணணும்? பால்குடியை எண்ணுறவன் கப்பல்காரன் ஒருத்தன்தான்.”

சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் லியனார்ட் மாஸ்டர் பிள்ளைக்காம்பராவுக்குப் போனார். வேலைக்குப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுச் செல்கிற இடம் அது. தொட்டில் சாக்குகள் எல்லாம் வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தன. “எல்லாத்துக்கும் காய்ச்சல் மாஸ்டர்” என்றாள் பிள்ளை பார்க்கிற வேலாயி. மலையில் பார்த்தால் பெண்கள் முன்னால் பிள்ளையும் முதுகில் கூடையுமாகக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கங்காணி கத்தினான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்படியே விட்டிருந்தால் ராக்காயிக்கு நிம்மதிதான். விடவில்லை பூரணி.

ராச்சாப்பாட்டுக்கு ரொட்டியைப் பிட்டுப் போட்டுக்கொண்டே, அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்: “அம்மா, நம்ம டிவிசன்ல இருந்து மட்டும்தான் கணக்கு வரலையாம். பிள்ளை குறைச்சல்னு ஆச்சுன்னா மேல் வகுப்பை எடுத்துருவாங்களாம். எட்டாம் வகுப்போட சரி. ஒன்பது, பத்துப் படிக்கணும்னா அட்டனுக்குப் போவணுமாம்.”

“அட்டனுக்கு பஸ்ஸுக்கு எவன் குடுக்கிறது?” என்றான் ராக்காயியின் புருசன் ஆண்டியப்பன். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த கையால் ரொட்டியைச் சாயத் தேத்தண்ணியில் தோய்த்தான். “படிப்பு நின்னுட்டாக் காலைப் பெரட்டுல கொழுந்தெடுக்கப் பேர் போட வேண்டியதுதான். கங்காணி அப்பவே கேட்டான், பிள்ளை வளர்ந்திருச்சே, எப்ப அனுப்புறேன்னு.”

தட்டைக் கழுவ எழுந்து போன பூரணி வெகுநேரம் வெளியிலேயே நின்றாள்.

ராக்காயிக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. அந்த லயத்திலிருந்து எட்டாம் வகுப்புக்குப் போன முதல் பெண்பிள்ளை பூரணி. பிள்ளைகளைக் கணக்குக் கொடுத்தால் கப்பல். கொடுக்காவிட்டால் அவள் முதுகில் கூடை. இரண்டில் எது பொய் என்று தெரிந்தால் போதும், மற்றதைச் சமாளித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. விடிந்ததும் புருசனிடம் சொன்னாள்.

“இன்னிக்கு வேலைக்குப் பேர் போடல. அந்தக் கட்டடம் கட்டுற லட்சணத்தை ஒருக்காக் கண்ணால பார்த்துட்டு வந்துர்றேன்.”

“ஒரு நாள் பேர் போகும், சம்பளமும் போகும்.”

“போகட்டும்.”

வட்டகொடை ஸ்டேசனைத் தாண்டி, ரயில் பாதையோரமாகவே நடந்து டவுனுக்கு வந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் பாதிரிமார் காலத்து நீளக் கட்டடம். ஒரு பக்கச் சுவர் வயிறு தள்ளி நிற்க, அதற்கு இரண்டு மரங்களை முட்டுக் கொடுத்திருந்தார்கள். சன்னல் வழியாகப் பார்த்தாள். ஒழுகல் இடம் மாறும்போதெல்லாம் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே பெஞ்சியை நகர்த்திக்கொண்டார்கள். பஸ்ஸில் கர்ப்பிணிக்கு இடம் விடுகிறவர்கள் மாதிரி அவ்வளவு பழக்கமாக நகர்ந்தார்கள். மாஸ்டர் சொன்னதில் இந்தப் பாதியாவது நிசம்.

பின்னால் விளையாட்டு மைதானத்தில் முளை அடித்துக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்குக் கயிறு ஓர் அறை என்று பார்த்தவுடன் புரிந்தது. ராக்காயி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஒரு முளையைப் பிடித்து ஆட்டினாள். கண்துடைப்புக்கு அடித்த முளை என்றால் இரண்டு ஆட்டில் கையோடு வந்துவிடும். இது அசையவில்லை.

மைதானத்தின் மறுகோடியில் கண்டியிலிருந்து வந்த சிங்கள அதிகாரி, கட்டட மாத்தயா, குடைக்குள் நின்றுகொண்டிருந்தார். ஓர் ஆள் அளவு நாடா பிடித்தான். பக்கத்தில் லியனார்ட் மாஸ்டர் கட்டடப் படத்தை விரித்துப் பிடித்தபடி நனைந்துகொண்டிருந்தார். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்த தோட்டத்துப் பெண்ணை யாரும் கவனிக்கவில்லை.

“மே கட்டிய தவ அவுருது தஹயகின் இன்னவத, மாஸ்டர்?” என்றார் மாத்தயா.

இந்தக் கூட்டம் இன்னும் பத்து வருசத்தில் இங்கே இருக்குமா என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நாளைக்கு மழை வருமா என்று கேட்கிற குரலில் கேட்டார். போகப்போகிறவர்களுக்கு ஓட்டுக் கட்டடம் எதற்கு, ஐந்து வருசத்துக்குத் தகரக் கொட்டகை போதுமே என்றும் சொன்னார். லியனார்ட் மாஸ்டர் படத்தைச் சுருட்டினார்.

ராக்காயி நேரே அவரிடம் போனாள். “என்ன சொல்றாரு மாஸ்டர்?”

அவர் திடுக்கிட்டுப் போனார். “நீங்க எங்கக்கா இங்க? ஒண்ணுமில்ல, ரூம் எத்தனை அடி வைக்கிறதுன்னு கேக்குறாரு.”

“தோட்டத்துக்குக் கீழே இருக்குற சிங்களக் கிராமத்துல சின்ன வயசுல வீடு வீடாப் பால் ஊத்துனவ நான். எனக்குச் சிங்களம் தெரியாதுன்னு நெனைச்சீங்களா? இதுக்குத்தான் அன்னிக்குச் சத்தியம் பண்ணுனீங்களா?”

மாஸ்டர் அவளைக் கட்டடத்து இறவாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“ஒவ்வொரு தடவையும் இதையேதான்க்கா கேக்குறாரு. வகுப்புல இருக்கிற பிள்ளையை மட்டும் காட்டினா, இவங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள போயிருவாங்க, தகரம் போதும்ங்குறாரு. மேல் வகுப்பும் வேணாங்குறாரு. தொட்டில்ல கெடக்கிறதைக் காட்டினாத்தான், இங்கேயே பெத்து இங்கேயே வளர்க்கிறாங்க, பின்னால வரிசையா வர்றாங்கன்னு நான் வாதாட முடியும். வேற வழி எனக்குத் தெரியல.”

“அந்தக் கணக்கு யார் கைக்குப் போவும்?”

“கண்டிக்குப் போவும்.”

“அங்கேருந்து?”

“அதுக்கு மேல எங்கே போவும்னு எனக்குத் தெரியாதுக்கா. கப்பல்காரன் கைக்குப் போவாதுன்னு எப்படிச் சொல்றது? எங்கப்பா பேரும் எங்கேயோ ஒரு கணக்குல இருக்கும்.”

இந்தத் தடவை அவர் மாதாவைக் கூப்பிடவில்லை. ராக்காயி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நம்பிக்கை வந்துவிடவில்லை. ஆனால், பொய் சொல்ல நினைத்திருந்தால் இந்த இடத்தில் சொல்லியிருப்பார் என்று பட்டது.

“அவருக்குப் பிள்ளை தெரியணுமா, பேர் தெரியணுமா?”

“எத்தனைன்னு தெரிஞ்சாப் போதும்.”

“மறுபடி எப்ப வருவாரு?”

“ஞாயித்துக்கிழமை. பிள்ளைங்க முளையைப் புடுங்காத நாள் பார்த்து வரணும்ங்குறாரு.”

அன்று பீலிக்கரையில் ராக்காயி சுற்றி வளைக்காமல் பேசினாள். “பேர் குடுக்க வேணாம், வயசு குடுக்க வேணாம், யாரும் லயத்துக்கு வர வேணாம். ஞாயித்துக்கிழமை சந்தைக்குப் போறப்ப பிள்ளைங்களை நாமளே பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போவோம். கட்டட மாத்தயா கண்ணால எண்ணிக்கட்டும். எண்ணி முடிச்சதும் தூக்கிட்டு வந்துருவோம். இல்லேன்னா அந்த ஆள் நம்மளை இப்பவே கப்பல்ல ஏத்திட்டு, மிச்சம் இருக்குறவங்களுக்குத் தகரம் அடிச்சுருவாரு.”

“அப்படியே லாரி கொண்டாந்து ஏத்திட்டா?” என்றான் செல்லசாமி.

ராக்காயி குடத்தை இடுப்பில் ஏற்றினாள்.

“நீங்களும் வாங்க. லாரி வந்தா முன்னால படுங்க. ஒரு நாளாவது உங்களால பிரயோசனம் இருக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை மூடுபனியோடு கிளம்பினார்கள், பூரணியும் கூடவே. கம்பளிக் குல்லாவும் கன்னத்தில் கறுப்புப் பொட்டுமாக அத்தனை பிள்ளைகளும் தாய்மார் இடுப்பில் ஏறிக்கொண்டன. செல்லசாமியும் பின்னாலேயே வந்து, பள்ளிக்கூடத்து கேட்டில் ரோட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டான்.

மைதானம் வரை வந்த பெண்கள் கயிற்றைக் கண்டதும் தயங்கினார்கள். கயிறு கட்டிய இடத்துக்குள் கால் வைக்க ஒருத்திக்கும் மனசு வரவில்லை. ராக்காயிதான் முதலில் தாண்டி, முதல் அறைக்குள் சாக்கை விரித்து, சின்னவன் அழகனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்துக் காம்பரா மார்கிரட் உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக. ஆறு அறையும் நிறைந்து, இடம் இல்லாதவர்கள் மண்மேட்டில் ஏறி உட்கார்ந்தார்கள். அழுகையும் கூச்சலும் தாங்க முடியவில்லை.

“மொகத மே?” இது என்ன என்று மாத்தயா லியனார்ட் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். ராக்காயிதான் பதில் சொன்னாள்.

“இன்னவா, மாத்தயா. தவ அவுருது தஹயகின் இன்னவா.” இருப்பார்கள், பத்து வருசத்திலும் இருப்பார்கள்.

மாத்தயாவின் காது சிவந்தது. கையில் பென்சிலோடு அறை அறையாக நடந்தார். ஒரு பிள்ளை நாடாவைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. அதன் முன்னால் குனிந்து, தனக்குத் தெரிந்த தமிழில், “பேரு என்ன?” என்றார்.

தாய்க்காரி சட்டென்று முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடினாள். “இன்னும் பேர் வைக்கலீங்க.”

“இதுக்கு?”

“இதுக்கும் வைக்கலீங்க.”

நடந்து திரிகிற பிள்ளைக்கும் பேர் வைக்கவில்லை, பல் முளைத்த பிள்ளைக்கும் வைக்கவில்லை. ராக்காயியிடம் வந்தபோது அவளும், “நல்ல நாள் பார்த்து வைக்கணும்” என்றாள். அந்த நேரம் பார்த்து மடியிலிருந்து நழுவிய பயல் முளையைப் போய்ப் பிடிக்க, “டேய் அழகா, புடுங்காதடா!” என்று பூரணி கத்திவிட்டாள்.

ராக்காயி மகளை முறைத்த முறைப்பில் மாத்தயாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மைதானமே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

மாத்தயா மண்மேட்டில் இருந்தவர்களையும் எண்ணினார். பிறகு நாடாக்காரனைக் கூப்பிட்டு, கோடியில் இருந்த முளைகளைப் பிடுங்கி மேட்டுப் பக்கமாகத் தள்ளி அடிக்கச் சொன்னார். படத்தில் எதையோ அடித்து எதையோ எழுதினார்.

“அதைக் காட்டச் சொல்லுங்க, மாஸ்டர்” என்றாள் ராக்காயி.

மாத்தயா புருவத்தை உயர்த்தினார். ஆனாலும் கொடுத்தார். ராக்காயி அதை வாங்கி மாஸ்டரிடம் கொடுக்காமல் பூரணியிடம் கொடுத்தாள்.

பூரணி இங்கிலீசு எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். “ஆறு ரூமை வெட்டிட்டு ஒன்பதுன்னு போட்டிருக்கும்மா. கூரைக்கு ஓடு. மேல்மாடியில ஒன்பதாம் வகுப்பு. இது… இது பத்தாம் வகுப்பு.” அவள் விரல் அந்தக் கட்டத்திலேயே நின்றது.

“ஆள் பேர் ஏதாவது இருக்கா?”

“இல்ல.”

“திருப்பிப் பாரு.”

“வெறுமையா இருக்கும்மா.”

“மேல்மாடி எப்பக் கட்டி முடியும்னு கேளுங்க, மாஸ்டர்.”

மாஸ்டர் கேட்டார். மாத்தயா விரல்களை மடக்கி எண்ணிச் சொன்னார். “அஞ்சாவது வருசத்துலயாம்க்கா” என்றார் மாஸ்டர், கொஞ்சம் சங்கடத்தோடு. “இவர் எழுதினது மேலிடத்துல நின்னா மேல் வகுப்பை எடுக்க மாட்டாங்க. பூரணி இங்கேயே பத்தாம் வகுப்பு படிக்கலாம். ஆனா பழைய கட்டடத்துலதான்.”

ராக்காயி முட்டுக் கொடுத்த சுவரைப் பார்த்தாள். அழகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“அப்ப மொதல்ல அந்தக் கூரையைப் பார்க்கச் சொல்லுங்க, மாஸ்டர். தை மாசம் ஒன்பதாம் வகுப்பு தொடங்கிரும்ல.”

மாஸ்டர் சொன்னார். மாத்தயா பழைய கட்டடத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, படத்தை வாங்கி ஓர் ஓரத்தில் எழுதத் தொடங்கினார்.

ராக்காயி மகளை முழங்கையால் இடித்தாள். “பார்த்துக்கிட்டே நிக்காத. என்ன எழுதுறாருன்னு எட்டிப் பாருடி.”