மகாதேவியக்காவின் கையெழுத்து

ஊரில் கையெழுத்தை உறுதிப்படுத்தித் தர எத்தனையோ ஜே.பி., சமாதான நீதவான்கள், இருக்க, மகாதேவியக்காவை ஏர்னெஸ்ட் மாஸ்டரிடம் கூட்டிக்கொண்டு போன என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். மற்றவர்கள் என்றால் முத்திரையைக் குத்தித் தந்துவிடுவார்கள். இவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் படிப்பித்த மனிதர். வாசித்துக் காட்டாமல் ஒருவரிடமும் கையெழுத்து வாங்கமாட்டார்.

பிரதேச சபைத் தேர்தலுக்கு வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள். பன்னிரண்டு மணிக்குள் பட்டியல் யாழ்ப்பாணம் கச்சேரியில், மாவட்டச் செயலகத்தில், இருக்க வேண்டும். நெல்லியடியில் மாஸ்டர் வீட்டில் நிற்கும்போதே மணி பத்தரை. வேட்பாளர்களில் மகாதேவியக்காவின் உறுதியுரை மட்டும்தான் பாக்கி. அவர் விலகினால் சட்டம் கேட்கும் பெண்களின் எண்ணிக்கை குறைந்து பட்டியலே தள்ளுபடியாகிவிடும். எங்கள் கரையை இறால் பண்ணைக்குக் கொடுக்கப் பார்க்கிறார்கள். அதைத் தடுக்கத்தான் இந்தச் சுயேச்சைக் குழு. நாற்பது கடற்றொழில் குடும்பங்களையும் வீடு வீடாகப் போய்ச் சேர்த்ததே அக்காதான்.

மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். இலங்கைக்குள் தனி அரசு அமைக்க நேராகவோ மறைமுகமாகவோ ஆதரவு தரமாட்டேன் என்ற இடம் வந்ததும் அக்கா பேனையைக் கீழே வைத்தார்.

“மாஸ்டர், வோட்டுப் போட்டுக் கேட்டாலும் குற்றமோ?”

“ஓம். எண்பத்துமூண்டிலை வந்த ஆறாம் திருத்தம். கேக்கிறதே குற்றம்.”

“கனடாவிலை ஒரு மாகாணம் ரெண்டு தரம் வோட்டு வைச்சுக் கேட்டதெண்டு என்ரை தங்கச்சி சொன்னவள். ஒருத்தரையும் பிடிக்கேல்லையாம்.”

“அது சமஷ்டி நாடு. மாகாணம் தன்பாட்டிலை வெளிக்கிடேலாது, ஆனால் சனம் தெளிவாக் கேட்டால் மற்றவை இருந்து கதைக்கத்தான் வேணும் எண்டு அங்கத்தை உச்ச நீதிமன்றம் சொன்னது. இஞ்சை ஒற்றையாட்சி, மகாதேவி. வாயே திறக்கேலாது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “கடவுளே! இப்பதானே உங்களுக்குச் சட்டம் படிக்க நேரம்? கையெழுத்தை வையுங்கோ அக்கா! இந்த வயசிலை தனிநாடு கேக்கப் போறியளோ?”

“எனக்கு அது ஒருநாளும் வேண்டாம், நிமலினி. அதாலைதான் வைக்கேலாமல் கிடக்கு.”

இருவரும் அவரைப் பார்த்தோம்.

“தர்சிகா வெளிக்கிட்ட அண்டைக்குப் படலையை மறிச்சுக்கொண்டு நிண்டனான். உந்தத் தனிநாட்டுக்கு நான் ஒருநாளும் ஒத்துவரமாட்டன், போறதெண்டால் நீ என்ரை பிள்ளை இல்லை எண்டு கத்தினனான். சாப்பிடாமலே போனாள். அவளுக்கு நான் கடைசியாச் சொன்னது உதுதான். அதையே இப்ப எழுதித் தரச்சொல்லுறாங்கள்.”

தர்சிகா அக்காவின் ஒரே மகள். பதினெட்டு வயதில் இயக்கத்துக்குப் போனவள். உடல்கூட வரவில்லை. ஒவ்வொரு கார்த்திகையிலும், போரில் இறந்த இயக்கத்தவரை நினைக்கும் மாவீரர் நாளில், அக்கா அவளுக்கு விளக்குக் கொளுத்துவார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் மணியைப் பார்த்தேன், பாவி.

“மனமில்லாட்டி நான் முத்திரை குத்தமாட்டன்,” என்றார் மாஸ்டர். அந்த மனிதரின் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

“அக்கா, கரை போனால் எங்கை போவம்? கும்பிட்டுக் கேக்கிறன்.” அழுதுகொண்டே பேனையை அவர் கையில் திணித்தேன். அக்கா தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு கையெழுத்து வைத்தார்.

பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருக்கப் பட்டியலைக் கொடுத்தோம். ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். நான் அக்காவைத் தேடிக்கொண்டு வெளியே ஓடினேன். கச்சேரி மதிலோரம் தனியாக நின்றார்.

“அக்கா, எடுத்திட்டாங்கள்!”

“நல்லது பிள்ளை,” என்றார். வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “கார்த்திகையிலை அவளுக்கு இனி எந்தக் கையாலை விளக்குக் கொளுத்துவன்?”